பெட்டக அறைக்குள் யார் போகலாம்?

1926ஆம் ஆண்டு வெள்ளத்தில் கோலாலம்பூரின் நடுப்பகுதி மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் சார்ட்டர்ட் வங்கியின் பெட்டக அறையைத் திறந்து பார்த்தார்கள். கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த நோட்டுகள் சேற்றுநீரில் ஊறிப் போயிருந்தன. வங்கிக்கு முன்னால் பெரிய திடல். வெள்ளைக்காரத் துரைமார் கிரிக்கெட் ஆடும் புல்வெளி அது. நோட்டுகளை அங்கே கொண்டுபோய், வடகம் காயப்போடுவதுபோலப் பரப்பி வெயிலில் உலர்த்தினார்கள். கோலாலம்பூரின் பழங்கதை பேசுகிறவர்கள் இந்தக் காட்சியைச் சொல்லாமல் விடுவதில்லை. வங்கிக்குள் இருக்கும் பணம் ஊரார் கண்ணில் பட்ட அபூர்வமான நாள் அது.

அந்தக் கட்டடம் இன்றும் அந்தத் திடலின், இன்றைய மெர்டேக்கா சதுக்கத்தின், ஓரத்தில் நிற்கிறது. 1909இல் கட்டியது. வங்கி போனபின் பல கைகள் மாறி, 1990களில் தேசிய வரலாற்று அருங்காட்சியகமாகி, 2007இல் அந்தச் சேகரிப்பு இடம் மாறி, 2015இல் இசை அருங்காட்சியகமாகத் திறந்தது. ஒரு காலத்தில் கணக்கு வைத்திருந்தவர்களும் கணக்கு எழுதியவர்களும் மட்டுமே நுழைந்த கூடத்தில் இப்போது பள்ளிப் பிள்ளைகள் கம்போங் இசைக்கருவிகளைச் சுற்றி வருகிறார்கள்.

பழைய வங்கிக்குள் யார் போகலாம் என்ற கேள்வி இப்போது பேராக்கின் ஈப்போவுக்கும் வந்திருக்கிறது. கைப்பேசிக்குள் வங்கி வந்துவிட்டது. சம்பளம் விரல்நுனியில் ஏறுகிறது, இறங்குகிறது. உயரமான தூண், பளிங்குத் தரை, தேக்கு முகப்பு வைத்த பிரமாண்டமான கூடங்கள் இனி யாருக்கு? பழைய வங்கிகளைப் புதுப்பித்துப் பொதுமக்களுக்குத் திறக்கவேண்டும் என்ற பேச்சு உலகமெங்கும் நடக்கிறது. பேராக்கில் அந்தப் பேச்சு எழும்போது, சிம்பாங் பூலாய், கோப்பேங், பத்து காஜா பக்கத்துத் தமிழர்களுக்கு அதில் சொல்ல ஒரு பங்கு உண்டு. அந்தக் கூடங்களில் புரண்ட பணத்தில் ஒரு பகுதி அவர்கள் பால் வெட்டிய ரப்பர் மரத்தடியில் பிறந்தது.

ஈயம் கட்டிய தெரு

சிம்பாங் பூலாய் சந்தியில் நின்றால் ஒருபக்கம் கேமரன் மலைக்கு ஏறும் சாலை. இன்னொரு பக்கம் பத்து காஜாவுக்கு. மூன்றாவது பக்கம் ஈப்போ, காரில் அரை மணிக்குள் போய்விடலாம். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் குன்றுகள். சிலவற்றில் குகைக்கோயில். பல குன்றுகள் கல் உடைக்கும் வேலையில் பாதி உடம்பை இழந்து வெள்ளையாக நிற்கின்றன.

கிந்தா ஆற்றின் மேற்குக் கரையில் ஈப்போ பழைய நகரம். ரயில் நிலையம், நகர மண்டபம், 1909இல் எழுந்த பர்ச் நினைவு மணிக்கூண்டு. இவற்றைச் சுற்றிய சில தெருக்களுக்குள் வங்கிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. ஈயம் விற்ற காசு அங்கே போனது. பிறகு ரப்பர் காசும் போனது. ஈயச் சுரங்க முதலாளி, தோட்டத் துரை, ஏற்றுமதி நிறுவனம் என்று வந்தவர்கள் எல்லாம் பெரும்புள்ளிகள். அவர்களை ஈர்க்கத்தான் அந்தத் தூண்களும் வளைவுகளும். வைத்த பணம் பத்திரம் என்று சொல்வதற்கு அந்நாளில் கல்லும் காரையும்தான் விளம்பரம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஈப்போவில் இருந்தவை கிளைகள். சார்ட்டர்ட் வங்கியின் தலைமையகம் லண்டனில், ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் தலைமையகம் ஹாங்காங்கில். கிந்தாப் பள்ளத்தாக்கின் இலாபத்தைப் பற்றிய முடிவுகள் கடல் கடந்துதான் எடுக்கப்பட்டன. ஆனாலும் பேராக்கின் பொருளாதாரத்துக்கு இந்தக் கிளைகளே தலைமையகம்போல இருந்தன. மாதக் கடைசியில் தோட்டத்துச் சம்பளப் பணத்துக்காக வண்டி வந்து நின்றது இந்த வாசல்களில்தான்.

▪ பெட்டிச் செய்தி: ஈப்போ பழைய நகரின் பணமாளிகைகள்

ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கட்டடம், 1907: ஈயம் உருக்கும் நிறுவனத்துக்காக இத்தாலியப் பாணியில் எழுந்தது. பின்னாளில் ஓசிபிசி வங்கியின் இடமானது.

சார்ட்டர்ட் வங்கி, 1924: ரயில் நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் சாலையில், இன்றைய டத்தோ மகாராஜாலேலா சாலையில் இருக்கிறது.

ஹாங்காங் ஷாங்காய் வங்கி, 1931: புதுமறுமலர்ச்சிப் பாணியில் நிமிர்ந்த தூண்கள்.

மெர்க்கன்டைல் வங்கி, 1931: பம்பாயில் 1853இல் தொடங்கிய வங்கியின் ஈப்போக் கிளை. 1959இல் இந்த வங்கியையே ஹாங்காங் ஷாங்காய் வங்கி வாங்கிவிட்டது.

1931

மேலே உள்ள பட்டியலில் ஓர் ஆண்டு இரண்டுமுறை வருகிறது. அங்கே கொஞ்சம் நிற்போம்.

1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் மலாயாவை அடித்துப் போட்டது. கார் விற்பனை விழுந்தது, டயர் விற்பனை விழுந்தது, ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. 1925இல் ஒரு பவுண்டு எடைக்கு ஒரு வெள்ளியைத் தாண்டி விற்ற ரப்பர், 1932இல் பத்துக் காசுக்கும் கீழே இறங்கியது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. 1920களின் கடைசியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்த கூலியை வெட்டினார்கள். வேலை இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கங்காணி கூட்டிவந்தபோது கேட்ட பேச்சு வேறு, கப்பலில் திரும்பும்போது மடியில் இருந்தது வேறு.

அந்த 1931இல்தான் ஈப்போவில் இரண்டு வங்கி மாளிகைகள் முடிந்து நின்றன.

இதை வைத்து வங்கிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு வரைபடமும் பணமும் வளமான ஆண்டுகளிலேயே ஒதுக்கப்படுவது வழக்கம். மேஸ்திரி வேலை முடிவதற்குள் காலம் மாறிவிட்டது. ஆனால் அந்தக் கூடங்களை என்றைக்காவது திறந்து, சுவரில் ஒரு பலகை மாட்டி, அதில் 1931 என்று எழுதும்போது, பக்கத்திலேயே இன்னொரு வரியும் வரவேண்டும். அந்த ஆண்டு தோட்டங்களில் என்ன நடந்தது என்ற வரி. கட்டடக்கலைஞரின் பெயரையும் தூணின் பாணியையும் மட்டும் சொல்லிவிட்டுப் போனால், பேராக்கின் வரலாற்றில் பாதியைப் பெட்டக அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியையும் எறிந்த கதையாகிவிடும்.

இந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. சிம்பாங் பூலாயிலிருந்து பத்து காஜா போகும் வழியில் கெல்லி கோட்டை இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915 வாக்கில் தொடங்கி, 1926இல் இறந்துபோகும்வரை முடிக்காமல் விட்ட மாளிகை. கட்டியவர்களில் பலர் தமிழ்த் தொழிலாளிகள். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து வந்தன. தொற்றுநோயில் வேலையாட்கள் பலர் மாண்டபோது அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், ஸ்மித்தும் கட்டிக்கொடுத்தார் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. கோயில் இன்றும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் சுற்றுலாப் பயணி அங்கே போய்க் கேட்டு வருவது பெரும்பாலும் பேய்க்கதையும் துரையின் காதல்கதையும். கல் சுமந்தவர்களின் கதை அவர் காதுக்கு எட்டுவது அரிது. பேராக்கில் பழைய கட்டடம் ஒன்று மக்களுக்குத் திறந்துவிடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே இருக்கும் எடுத்துக்காட்டு இது.

சுவர் கேட்கும் சுண்ணாம்பு

புதுப்பிப்பது என்றால் வெள்ளையடிப்பது என்று நினைக்கிறவர்கள் இன்னமும் அதிகம். பழைய வங்கிக்கு அது பெரும் கேடு.

1907ஐ ஒட்டிய காலத்துக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் பட்டதும் வெளியே விடும். அந்தச் சுவரில் விரிசல் கண்டதும் அவசரத்துக்குச் சிமெண்டை அப்பிவிடுவார்கள். சிமெண்ட் இறுகிப்போய் ஈரத்தை வெளியே விடாது. தரையிலிருந்து ஏறும் தண்ணீர் உள்ளேயே தங்கி, தன்னோடு கொண்டுவந்த உப்பைச் செங்கல்லுக்குள் படியவிடும். உப்பு படிகமாகிப் பருக்கும்போது செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். கையால் தடவினால் செம்மண் பொடி ஒட்டும். ஈப்போவில் கொட்டும் மழைக்கு இந்தச் சேதம் வேகமாக நடக்கும். முறையாகச் செய்கிறவர்கள் முதலில் சிமெண்டைச் செதுக்கி எடுத்து, சுவரிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கும் பூச்சுகளை வைத்து, பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பை மெல்லிய அடுக்குகளாகப் பூசுவார்கள். ஓர் அடுக்கு காய்வதற்குள் அடுத்ததைப் பூசக்கூடாது. ஒப்பந்தக்காரருக்குப் பொறுமை வேண்டும், பணம் கொடுப்பவருக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

சுண்ணாம்பு எங்கிருந்து வரும்? நம் குன்றுகளிலிருந்துதான். சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக்கல் சாலைக்கும் சிமெண்டுக்கும் தூளாகிப் போய்க்கொண்டிருக்கிறது. அதில் கொஞ்சம் பழைய ஈப்போவின் சுவரைக் காப்பாற்றவும் போகட்டும். அதோடு, சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு வங்கியைப் புதுப்பிக்கும் வேலை நடக்கும்போதே இளையவர்களுக்கு அந்தக் கைவேலையைக் கற்றுத்தந்தால், கட்டடத்தைவிட அதிகநாள் நிற்கும் பயன் அதுதான்.

1930களின் கட்டடங்களின் நோய் வேறு. அக்காலத்தில் கம்பிக் கான்கிரீட் வந்துவிட்டது. வெளிச்சுவரில் கல்பொடி கலந்த ஷாங்காய் பூச்சு போடுவது மலாயாவில் பரவலாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கருங்கல்லில் செதுக்கியதுபோலத் தெரியும். அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டால் அந்த அழகு போனதுதான், பிறகு சுரண்டி எடுப்பது பெரும்பாடு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருத்து, மேலே உள்ள கான்கிரீட்டை வெடிக்கவைக்கும். கூரையின் அடிப்பக்கத்தில் ஒரு கைப்பிடி அளவு கான்கிரீட் விழுந்து கம்பி தெரிந்தால், கட்டடம் உதவி கேட்கிறது என்று பொருள்.

இதைவிடச் சிக்கலானது பெட்டக அறை. பார்வையாளர்கள் முதலில் கேட்பது அதைத்தான். தடித்த சுவர், இரும்புக் கதவு, ஒரே வாசல், ஜன்னல் கிடையாது. திருடனைத் தடுக்கக் கட்டிய அந்த ஒற்றை வாசல், தீப்பிடித்தால் உள்ளே இருப்பவரையும் தடுத்துவிடும். தீயணைப்புத் துறை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் மலேசியாவில் பொதுமக்களை உள்ளே விட முடியாது. அதற்காகப் பக்கத்துச் சுவரில் இன்னொரு வாசல் வெட்டலாமா? வெட்டினால் அது பெட்டக அறையே இல்லை என்பார்கள் மரபுப் பாதுகாவலர்கள். ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் உள்ளே போகலாம், கதவு பூட்டிக்கொள்ளாதபடி நிரந்தரமாக முட்டுக் கொடுக்கவேண்டும், புகை உணரும் கருவியும் காற்று இழுக்கும் குழாயும் வேண்டும் என்ற வழியில்தான் சமரசம் பிறக்கும். வாசல் படிக்கட்டும் அப்படியே. உயரமான படி வங்கிக்குக் கம்பீரம். சக்கர நாற்காலியில் வரும் பாட்டிக்கு அது மூடிய கதவு.

2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. ஒரு கட்டடம் மரபுடைமையாக அறிவிக்கப்பட்டால் அனுமதியில்லாமல் இடிக்கவும் மாற்றவும் தடை வரும். ஆனால் தடை மட்டும் போதாது. ஓட்டை ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்கும் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பழைய நகரங்களில் கட்டடங்கள் விழுவது பெரும்பாலும் இடிப்பு இயந்திரத்தால் அல்ல, பல ஆண்டு அடைத்து வைத்து மறந்துபோவதால்.

ஜகார்த்தா செய்து காட்டியது

கடல் தாண்டிப் பக்கத்திலேயே ஒரு முழுமையான முன்மாதிரி இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1828இல் தொடங்கிய ஜாவா வங்கி, ஜகார்த்தாவின் பழைய நகரில் எட்வர்ட் கைப்பர்ஸ் என்ற கட்டடக்கலைஞரை வைத்து 1909 முதல் தன் தலைமையகத்தைப் பகுதி பகுதியாக எழுப்பியது. சுதந்திரத்துக்குப் பின் 1953இல் அது பேங்க் இந்தோனேசியாவாக, நாட்டின் மத்திய வங்கியாக மாறியது. 1962இல் வங்கி புதிய இடத்துக்குப் போனது. பழைய தலைமையகம் நீண்டகாலம் சும்மா கிடந்தது. பிறகு வங்கியே அதைப் புதுப்பித்து, 2006இல் மக்களுக்குத் திறந்துவிட்டு, 2009இல் அதிபர் சுசிலோ பம்பாங் யுதயோனோவைக் கொண்டு முறைப்படித் திறப்புவிழா நடத்தியது.

அங்கே எனக்குப் பிடித்தது அவர்கள் கதையைத் தொடங்கும் இடம். வங்கியின் வரலாறு என்றால் வங்கி பிறந்த ஆண்டிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ஜகார்த்தாவில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் தேடி வந்த கப்பல்களிலிருந்து தொடங்குகிறார்கள். பணம் எதன்மீது உட்கார்ந்திருந்தது என்பது முதலில், வங்கி அதற்குப் பின்னால். நெதர்லாந்திலிருந்து வந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை அப்படியே காப்பாற்றியிருக்கிறார்கள். பெட்டக அறையில் தங்கக் கட்டிகளின் மாதிரிகள் அடுக்கியிருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் அங்கேதான் கலைய மறுக்கும். நுழைவுக்கட்டணம் மிகக் குறைவு. மேற்கத்திய நாட்டு உதவிக்குக் காத்திருக்காமல், வங்கியின் சொந்தக் காசில், சொந்த மொழியில் செய்த வேலை.

ஈப்போவுக்கு இந்த வழி பொருந்துமா? ஈப்போவின் மாளிகைகள் மத்திய வங்கி கட்டியவை இல்லை, தனியார் நிறுவனங்கள் கட்டியவை. ஆனால் ஊருக்குள்ளேயே ஒரு சின்ன வெற்றி இருக்கிறது. ஹாக்கா சீனச் சுரங்க முதலாளிகளின் மன்றமாக இருந்த ஹான் சின் பெட் சூ கட்டடம் 2015இல் அருங்காட்சியகமானது. ஈப்போவின் வரலாற்று ஆர்வலர்கள் அதை நடத்துகிறார்கள். ஈய முதலாளிகளின் செல்வத்தோடு, சூதாட்டம், அபின் என்று அவர்கள் மறைத்துப் பேசிய பக்கத்தையும் அங்கே காட்டுகிறார்கள். சீனச் சமூகம் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்தபின் நாம் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

விடுதியா, கூடமா?

திறப்பு என்ற சொல்லுக்குள் பல ஏமாற்றுகள் ஒளிந்திருக்கின்றன. லண்டனில் மிட்லண்ட் வங்கியின் தலைமையகம், புதுதில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் வரைந்த மாளிகை, 2017இல் சொகுசு விடுதியாகத் திறந்தது. பெட்டக அறை மதுக்கூடமாகிவிட்டது. கட்டடம் அழகாகப் பிழைத்தது, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே உட்கார முன்புபோலவே பணம் வேண்டும்.

வியன்னா வேறு பாதையில் போனது. ஒட்டோ வாக்னர் கட்டி 1906இல் திறந்த அஞ்சல் சேமிப்பு வங்கியின் கண்ணாடிக் கூரைக் கூடம், வங்கி போனபின் பல்கலைக்கழகமும் ஆய்வு நிறுவனங்களும் குடிவந்த இடமாகி, யாரும் நுழையக்கூடியதாக இருக்கிறது. சாதாரணச் சேமிப்பாளருக்காகக் கட்டிய இடம் சாதாரண மனிதருக்கே திரும்பி வந்திருக்கிறது. இதை ஈப்போவில் சொல்வதற்குக் காரணம், தோட்டத்துத் தமிழர்களுக்கும் வங்கி என்றால் அஞ்சலகம்தான். போஸ்ட் ஆபீஸ் புக்கு என்று அவர்கள் சொன்ன அந்தச் சின்னச் சேமிப்புப் புத்தகம், 1974 டிசம்பரில் பேங்க் சிம்பானான் நேஷனல் பிறந்ததும் அதன் கணக்காக மாறியது. தூண் வைத்த வங்கிக்குள் கால் வைக்காதவர்கள் அந்தப் புத்தகத்தைச் சேலைக்கட்டுக்கு அடியில் வைத்துக் காத்தார்கள்.

மூன்றாவது உதாரணம் ஈப்போவில் கிளை வைத்த அதே ஹாங்காங் ஷாங்காய் வங்கியுடையது. ஹாங்காங்கில் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985இல் முடிந்த அதன் தலைமையகத்தின் தரைத்தளம் சுவரே இல்லாத திறந்த வெளி. ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிப்பீன்ஸ் நாட்டு வீட்டுப் பணிப்பெண்கள் அங்கே அட்டை விரித்து உட்கார்ந்து, சாப்பிட்டு, பாட்டுப் பாடி, ஊருக்குப் பேசிப் பொழுதைக் கழிக்கிறார்கள். அருங்காட்சியகம் இல்லை, பலகை இல்லை, வழிகாட்டி இல்லை. உழைத்துக் களைத்தவர்கள் காசு கொடுக்காமல் உட்கார நிழல் கிடைத்திருக்கிறது. பொதுமக்களுக்குத் திறப்பது என்றால் என் மனத்தில் முதலில் வருவது இதுதான்.

▪ பெட்டிச் செய்தி: தமிழர் கட்டிய வங்கிகள்

1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் திவாலாகிப் பலரின் சேமிப்பை விழுங்கியது. அந்த அடியிலிருந்து வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று தொடங்கிய இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15இல் பிறந்தது.

1937 பிப்ரவரி 10: எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தது. அடுத்து பினாங்கு. நிறுவனர் 1954இல் சிங்கப்பூர் காலாங் விமான விபத்தில் மறைந்தார்.

1969இல் இந்தியா வங்கிகளை அரசுடைமையாக்கியது. அயல்நாட்டு அரசு வங்கிக்கு அன்று மலேசியாவில் இடமில்லை என்பதால், 1973இல் இந்தியன் ஓவர்சீஸ், இந்தியன் வங்கி, யூகோ மூன்றின் மலேசியக் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏசியன் வங்கியாயின. பின்னாளில் நடந்த இணைப்புகளில் அதுவும் இன்றைய சிஐஎம்பிக்குள் கலந்துபோனது.

தெருவுக்கு என்ன ஆகும்?

ஒரு பெரிய கட்டடம் திறந்தால் பக்கத்துக் கடைக்காரருக்குக் கொண்டாட்டம் என்பது பாதி உண்மை. ஈப்போவின் கான்குபைன் சந்துப் பக்கம் போய்ப் பாருங்கள். விடுமுறை நாளில் நடக்க இடமில்லை. ஆனால் அங்கே குடியிருந்தவர்களின் இடத்தை நினைவுப்பொருள் கடைகள் பிடித்துக்கொண்டன. ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், 2008இல் யுனெஸ்கோ பட்டியல் வந்ததும், பழைய குடித்தனக்காரர்கள் பலர் ஊரின் விளிம்புக்குப் போய்விட்டார்கள். கட்டடம் மின்னியது, தெருவில் தெரிந்த முகங்கள் குறைந்தன.

ஈப்போவின் லிட்டில் இந்தியா பழைய நகரை ஒட்டியே இருக்கிறது. பூக்கடை, நகைக்கடை, சேலைக்கடை, பரோட்டாக் கல். 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டு விலை சரிந்தபோது ஈப்போவுக்கு ஒரே அடியில் வயதாகிப்போனது. அந்த மந்தத்தையும் தாங்கி நின்ற கடைகள் இவை. ஒரு வங்கி மாளிகை திறந்து, வாடகை ஏறி, இந்தக் கடைகள் மூடுமானால் அந்தத் திறப்புவிழாவால் ஊருக்கு என்ன இலாபம்? நகராண்மைக்காரர்கள் முதலில் போடவேண்டிய கணக்கு வாடகைக் கணக்கு. புதுப்பிப்புக்கு வரிச்சலுகையோ மானியமோ கொடுத்தால், சுற்றியிருக்கும் பழைய வாடகைக்காரர்களுக்குச் சில ஆண்டு உத்தரவாதத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும். வாகன நிறுத்தமும் அப்படித்தான், சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் சாமான் இறக்கும் லாரி நிற்க முடியாது.

வேலை என்ற இன்னொரு கணக்கும் உண்டு. அருங்காட்சியகத்துக்கு வழிகாட்டி வேண்டும், பழுதுபார்ப்பவர் வேண்டும், ஆவணம் தெரிந்தவர் வேண்டும். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, லயங்களிலிருந்து கிளம்பி ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்த வேலைகளுக்குத் தகுதியானவர்கள். வீட்டில் கேட்டு வளர்ந்த கதையை மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லக்கூடியவர்கள். வாயிற்காவல் வேலையோடு அவர்களை நிறுத்திவிடக்கூடாது.

கண்ணாடிப் பேழைக்குள் எது?

நாணயங்களும் நோட்டுகளும் எல்லா வங்கி அருங்காட்சியகத்திலும் உண்டு. ஈப்போவில் அப்படி ஒரு கூடம் திறந்தால் அதில் நான் தேடுவது வேறு சில பொருள்கள்.

முதலில் செக்ரோல். தோட்டத்தில் காலை வருகைக் கூட்டமான பெரட்டில் கிராணி, அதாவது எழுத்தர், ஆள் எண்ணி வருகை போட்ட பேரேடு. பெயர், நாள், எடை, பிடித்தம், கைக்கு வந்த தொகை. கடைசிக் கட்டத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் ரேகை. ஈப்போ வங்கியிலிருந்து பையில் போன பணம் எந்தக் கையில் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்த ரேகைதான் சாட்சி. வங்கியின் பேரேட்டையும் தோட்டத்துச் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பேழையில் வைத்தால் போதும், பெரிய விளக்கம் தேவைப்படாது.

அடுத்து கிட்டங்கி எனப்படும் செட்டியார் வட்டிக்கடையின் கணக்கு. வங்கி மாளிகை பெருமுதலாளிக்குக் கடன் கொடுத்தது. சிறு தோட்டம் வாங்கியவருக்கும், கடை வைத்தவருக்கும், சில சமயம் அவசரச் செலவு வந்தவருக்கும் செட்டியார் கடைதான். பெரிய வங்கிகளிடம் வாங்கிய பணத்தைச் சிறு மனிதர்வரை கொண்டுசேர்த்த பாலம் அவர்கள். வட்டியின் கசப்பும் அதில் உண்டு. இரண்டையும் மறைக்காமல் வைக்கவேண்டும்.

மூன்றாவதாக, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்க, தொழிலாளிகள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960 மே 14இல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேருங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டினார்கள். தூண்களும் பளிங்கும் இல்லாமல் பால் வெட்டியவர்கள் கட்டிய நிதி நிறுவனம் அது. ஈப்போ பழைய நகரில் துன் சம்பந்தன் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. சுவர் ஓவியத்தைப் படம் பிடிக்க வருகிறவர்கள் அதில் தினமும் நடக்கிறார்கள். பெயருக்குரியவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லும் ஒரு கூடம் அந்தச் சாலைக்கு நடக்கும் தூரத்தில் வேண்டும்.

பலகைகளில் தமிழ் இருக்கவேண்டும் என்பதைக் கெஞ்சிக் கேட்கும் நிலைக்கு நாம் போகக்கூடாது. திட்டம் வரைபடத்தில் இருக்கும்போதே, எழுத்தின் அளவும் இடமும் முடிவாகும்போதே அது உள்ளே வந்துவிட வேண்டும். கிந்தா மாவட்டத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களைத் திறப்புவிழா வரிசையில் உட்காரவைப்பதைவிட, ஓராண்டு முன்னதாகத் திட்டக்குழுவில் உட்காரவைப்பது நல்லது.

அந்தத் திட்டக்குழு கூடும்வரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டில் தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய சம்பளத் துண்டோ, போஸ்ட் ஆபீஸ் புக்கோ, கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரமோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கெட்டுப்போகும் என்று பயந்து லேமினேட்டும் செய்யாதீர்கள், சூடும் பசையும் தாளைக் கொன்றுவிடும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா வேண்டாம், பின்னாளில் மஞ்சளாகிக் கறை பிடிக்கும். ஊக்கும் கிளிப்பும் துரு ஏறும் முன் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்து, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் சுத்தமான வெள்ளைத் தாளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். பெட்டிக்குச் சொந்தக்காரர் இன்னும் இருக்கிறார் என்றால், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, சம்பளம் எந்த நாளில் வரும், யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டு அவர் குரலையும் பதிவு செய்யுங்கள். அந்த விவரத்தைப் பேனாவால் பத்திரத்தின்மேல் எழுதாமல், தனித் தாளில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள்.